ஏழாவது லைனுக்குப் பெட்டி இல்லை

கோரமண்டல், கே.ஜி.எஃப்.
3 ஜூன் 2024

கிரண்,

போனில் பேசினால் நீ என்னை ஒரு வாக்கியம்கூட முடிக்க விடமாட்டாய். அதனால்தான் மெயில். முழுவதையும் படி.

நேற்று அப்பாவுக்கு வரவேண்டிய ஆக்ஸிஜன் சிலிண்டர் பெங்களூரில் நம் ஃபிளாட்டுக்குப் போயிருக்கிறது. பழக்கதோஷம், ‘நம்’ என்று எழுதிவிட்டேன். உன் ஃபிளாட். வாட்ச்மேன் எனக்குப் போன் செய்து, "மேடம், ஆளுயர சிலிண்டர் ஒண்ணு வந்திருக்கு, லிஃப்ட்ல ஏத்தவா?" என்று கேட்கிறார். இங்கே அப்பா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மூச்சையும் கையால் இழுப்பதுபோல இழுத்துக்கொண்டிருக்கிறார். பழைய சிலிண்டரின் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. வீட்டில் காற்றிலிருந்து ஆக்ஸிஜன் பிடிக்கிற மெஷின் இருக்கிறதே என்று கேட்காதே. கரண்ட் இருந்தால்தானே மெஷின்? பக்கத்து வீட்டு பாக்யலட்சுமி அக்காதான் ஓடிப்போய், கீழ் லைனில் ஒரு வீட்டில் அரைகுறையாக இருந்த சிலிண்டரைக் கெஞ்சி வாங்கி வந்தார். அவர் இல்லாவிட்டால் நான் இன்று உனக்கு வேறு சேதி எழுதியிருப்பேன்.

முன்பெல்லாம் காஸ் கம்பெனிக்குப் போன் போட்டு "ராஜப்பா வீடு" என்றால் போதும், வண்டி வந்துவிடும். போன மாதத்திலிருந்து போனில் ஆர்டர் எடுப்பதில்லையாம், எல்லாம் வெப்சைட்டில்தானாம். அந்த வெப்சைட்டில்தான் போட்டேன். இறக்க வேண்டிய இடம் என்ற பெட்டியில் இங்கத்திய முகவரி. பில் முகவரி என்ற பெட்டியில் ஃபிளாட் முகவரி, ஏனென்றால் என் கார்டு இன்னும் அந்த முகவரியில்தான் இருக்கிறது. உன்னோடு சண்டை போட்டுக்கொண்டு அப்பா வீட்டுக்கு வந்த அவசரத்தில் அதை மாற்றத் தோன்றவில்லை.

பிறகு அந்தப் பக்கத்தின் அடியில் பார்த்தேன். செய்து கொடுத்தது யார் என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது. உன் ஆபீஸ். இந்த வேலையைத்தானே இரண்டு மாதமாகச் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாய்?

பதில் போடு. சமாதானம் வேண்டாம், பதில்.

லதா

*

பெங்களூர்
4 ஜூன் 2024

லதா,

சிலிண்டரை வாட்ச்மேனிடம் வாங்கிய கையோடு ஒரு குட்டியானை வண்டி பிடித்து அனுப்பிவிட்டேன். இதை நீ படிக்கும்போது வந்திருக்கும். மாமாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுது. என்மேல் உள்ள கோபத்தை அதில் கலக்காதே.

ஆமாம், அந்த ஃபார்மை எழுதியது நான்தான். மறைக்க என்ன இருக்கிறது? முகவரியை முழுக்கத் தட்ட வேண்டாம். நாலு எழுத்துப் போட்டால் கீழே ஒரு பட்டியல் விழும், சரியானதைத் தொட்டால் தெரு, ஊர், பின்கோடு எல்லாம் தானாக நிரம்பும். மூச்சு வாங்குகிற ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யாரும் நீளமாகத் தட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்றுதான் அதைச் செய்தேன். முதலில் ஒரு பெட்டிக்குத்தான் அந்த வசதி இருந்தது. பிறகு பில் முகவரிக்கும் கேட்டார்கள், சேர்த்தேன். டெஸ்ட் செய்தோம், வேலை செய்தது.

நீ பதற்றத்தில் இருந்திருப்பாய். பெட்டி மாறித் தொட்டிருப்பாய். இது யாருக்கும் நடக்கும். ஆனால் ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக, எல்லாவற்றுக்கும் என் கோடிங்கைக் குறை சொல்லாதே. அடுத்த முறை பக்கத்தை ரீஃப்ரெஷ் செய். மேலே உள்ளதை முதலில் நிரப்பு. அனுப்புமுன் ஒருதரம் மேலே போய்ப் பார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மாமா இங்கே வந்து இருந்தால் இந்தச் சிலிண்டர் சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கும். நாலு தெரு தள்ளி ஆஸ்பத்திரி. கரண்ட் போனால் ஜெனரேட்டர். இதைச் சொன்னதற்குத்தானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாய்? நான் சொன்னதில் என்ன தப்பு என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

கிரண்

*

கோரமண்டல்
6 ஜூன் 2024

கிரண் அவர்களுக்கு,

சிலிண்டர் வந்தது. அப்பா பரவாயில்லை. கேட்டாய், எழுதிவிட்டேன். இனி என் முறை.

பெட்டி மாறித் தொட்டேனா? நான் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை செய்கிறவள். யார் ரத்தம் எந்தக் குழாயில் என்று மாறினால் என் வேலையே போகும். பெட்டி மாறித் தொடுகிற கை இல்லை இது. நேற்று சாட்சிக்கு பாக்யலட்சுமி அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு மறுபடி போட்டுப் பார்த்தேன். மேல் பெட்டியில் கோரமண்டல் ஸ்டேஷன். நம் லைன் உங்கள் பட்டியலில் கிடையாது. எனவே ஸ்டேஷனைத் தொட்டேன், டிரைவர் போன் செய்தால் வழி சொல்லிக்கொள்ளலாம் என்று. முதல் தடவையும் அப்படித்தான் செய்தேன். பிறகு கீழே இறங்கி, பில் பெட்டியில் ஃபிளாட்டைத் தொட்டேன். தொட்டதும் மேலே போனேன், அய்யா சொன்னபடி. ஸ்டேஷனைக் காணோம். மேல் பெட்டியிலும் உன் ஃபிளாட் உட்கார்ந்திருக்கிறது. அக்கா வாயில் கை வைத்துக்கொண்டு, "இன்னாடி இது, நீ கீழ தொட்டா மேல மாறுது, பேய் புட்சமாரி!" என்றார். போன் திரையில் மேல் பெட்டி கண்ணுக்கே தெரியாது கிரண், அது நகர்ந்து மேலே போய்விட்டிருக்கும். பத்துப் பேர் போட்டால் பத்துப் பேரும் ஏமாறுவார்கள்.

எனக்கு ஆடத் தெரியும். உன் கூடம்தான் கோணல்.

இப்போது உனக்குப் புரியாத விஷயத்துக்கு வருகிறேன். அப்பா பெங்களூரில் உங்கள் ஃபிளாட்டுக்கு வரவில்லையா? போன தீபாவளிக்கு வந்தார். ஹாலில் சோபாவில் உட்கார்ந்திருந்தவரை உன் அம்மா, "காத்தாட இருக்கட்டும்" என்று பால்கனிக்கு மாற்றினார். செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. கீழே மெயின் ரோட்டு டீசல் புகை. தங்கச் சுரங்கத்தில் வேலை செய்து நுரையீரல் முழுக்கக் கல்தூளை வைத்திருக்கிற மனிதனுக்கு அதுதான் காற்றோட்டமாம். விருந்தாளிகள் வந்தார்கள், போனார்கள், அப்பா சாயந்தரம்வரை பால்கனியிலேயே இருந்தார். அவருக்கு இருப்பது தொற்று நோய் இல்லை என்று உனக்குத் தெரியும். உன் அம்மாவுக்கும் தெரியும். இருமலுக்காக மட்டும்தான் அந்த நாற்காலி போடப்பட்டது என்று நான் நம்பவேண்டுமா? உங்கள் ராபர்ட்சன்பேட்டைக்காரர்கள் சுரங்க லைன் வீட்டுக்காரர்களை எங்கே உட்கார வைப்பார்கள் என்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். நீ அப்போது பார்த்துக்கொண்டு போனை நோண்டினாய்.

திரும்பி வரும்போது ரயிலில் அப்பா ஒரே வார்த்தைதான் சொன்னார். "வாணாம்மா."

அவர் வரமாட்டார். அவரை விட்டுவிட்டு நானும் வரமாட்டேன். நீ முதலில் மேல் பெட்டியைச் சரிசெய்.

லதா

*

பெங்களூர்
7 ஜூன் 2024

லதா,

கூடம் கோணல்தான்.

பில் முகவரியைச் சேர்க்கும்போது மேலே உள்ள பெட்டிகளை அப்படியே காப்பி செய்து கீழே ஒட்டினேன். ஒவ்வொரு பெட்டிக்கும் உள்ளுக்குள் ஓர் அடையாளப் பெயர் உண்டு. ஒட்டியவற்றுக்குப் புதுப்பெயர் வைக்க மறந்துவிட்டேன். அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டுக் கூப்பிட்டால் யார் ஓடி வருவான்? மூத்தவன். நீ கீழே தொட்டாலும் தெரு, ஊர், பின்கோடு எல்லாம் மேலே போய் உட்கார்ந்தது அதனால்தான். நாங்கள் டெஸ்ட் செய்தபோது இரண்டு பெட்டியிலும் ஒரே முகவரியைப் போட்டுப் பார்த்தோம். ஒன்றுபோல இருந்ததால் மாறியது யாருக்கும் தெரியவில்லை. இது சாக்கு அல்ல, நடந்தது.

இப்போது தனித்தனிப் பெயர் வைத்துவிட்டேன். தொட்ட பெட்டி மட்டும்தான் நிரம்பும். வெவ்வேறு முகவரிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாயிற்று.

எங்கள் மேனேஜர் மமதாவிடம் போய், ஒரு நோயாளிக்குச் சிலிண்டர் போய்ச் சேரவில்லை, மற்ற ஆர்டர்களையும் உடனே சரிபார்க்கவேண்டும் என்றேன். "அந்தப் பக்கத்துல நமக்கு எத்தனை ஆர்டர் வருது கிரண்?" என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் தண்ணீர் பாட்டிலை மேசையில் வைத்த சத்தம் ஆபீஸ் முழுக்கக் கேட்டது. ஆர்டர் பட்டியலை நானே உட்கார்ந்து பார்த்தேன். வேறு இரண்டு வீடுகளுக்கும் இப்படி நடந்திருக்கிறது. ஒரு வீடு பங்காருபேட்டை. இரண்டு வீட்டுக்கும் போன் செய்தேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பால்கனி பற்றி நீ எழுதியதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "அவ எப்பவும் இப்படித்தான் திரிச்சுப் பேசுவா" என்றார். நான் சாப்பிடாமல் எழுந்துவிட்டேன்.

கிரண்

*

கோரமண்டல்
15 ஜூன் 2024

கிரண்,

நீ சாப்பிடாமல் எழுந்ததற்கு நான் என்ன செய்ய? எழுவதற்கு முன்னால் என்ன சொன்னாய் என்று எழுதியிருந்தால் அது கடிதம்.

இப்போது கேள். நேற்று நான் லேபில் இருந்தேன், இங்கே வீட்டில் கரண்ட் இல்லை. அப்பாவுக்குச் சிலிண்டர் தீரப் போகிறது என்று பாக்யலட்சுமி அக்கா தன் போனிலேயே ஆர்டர் போட்டிருக்கிறார். தமிழில் படிக்கிற வசதி இருக்கிறதே, அதில். நீதானே அந்தத் தமிழையும் எழுதினாய்? பெட்டிக்கு மேலே என்ன எழுதி வைத்திருக்கிறாய் என்று நினைவிருக்கிறதா? ‘முகவரி லைன் 1’. அடுத்த பெட்டி, ‘முகவரி லைன் 2’.

கே.ஜி.எஃப்.பில் பிறந்தவன் எழுதுகிற எழுத்தா இது?

அக்கா அதைப் படித்துவிட்டு, ஃபஸ்ட் லைனுக்கு ஒரு பெட்டி, செகண்ட் லைனுக்கு ஒரு பெட்டி, நம் ஏழாவது லைனுக்குப் பெட்டியே இல்லை என்று எடுத்துக்கொண்டார். வேறு எப்படி எடுத்துக்கொள்வார்? இங்கே லைன் என்றால் வரிசை வீடு. தாத்தா காலத்திலிருந்து அதுதான் பொருள். "கம்பெனிக்காரன் முதல் ரெண்டு லைனுக்குத்தான் குடுப்பான் போலகீது, மெயின் ரோட்டு ஓரமாச்சே, வண்டி திரும்ப சுளுவு" என்று நினைத்து, ஃபஸ்ட் லைனில் இருக்கும் தன் நாத்தனார் வீட்டு முகவரியைப் போட்டிருக்கிறார். அங்கே இறக்கினால் ஆளை வைத்துத் தூக்கி வந்துவிடலாம் என்று கணக்கு. ஃபஸ்ட் லைனை உன் பட்டியலுக்குத் தெரியும். உடனே காட்டியது.

நாத்தனார் வீடு பூட்டிக் கிடந்தது. டிரைவர் வாசலில் சாய்த்து வைத்துவிட்டுப் போய்விட்டான். அக்கா நாத்தனாருக்குப் போன் போட்டுப் போட்டு ஓய்ந்து, கடைசியில் ரயில்வே கேட்டைத் தாண்டி ஓடிப்போய்ப் பார்த்தால் சிலிண்டர் வெயிலில் நிற்கிறது. தண்ணீர்க் கேன் தள்ளுகிற வண்டியைப் பிடித்து, அதில் படுக்கவைத்து, மேட்டில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நான் வந்தபோது அப்பாவின் நகமெல்லாம் நீலம். உதடு நீலம். மாஸ்க்கைப் போட்டதும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அக்கா தரையில் உட்கார்ந்து, "நாந்தான் தப்பு பண்ட்டேன், நாந்தான்" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுகிறார். படித்தவன் எழுதியதைச் சரியாகப் படித்ததற்கு அவர் அழவேண்டுமா? எனக்கு வந்த ஆத்திரத்தில் உன்னை நேரில் பார்த்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது.

உன்னை ஒன்று கேட்கிறேன். என்ன முகவரி போட்டு டெஸ்ட் செய்தாய்? இரண்டு பெட்டியிலும் ஒரே முகவரி என்றாயே, எந்த முகவரி? நம் லைனைப் போட்டுப் பார்த்தாயா? கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நீ இந்த லைனுக்குள் வந்ததில்லை. மெயின் ரோட்டில் காரை நிறுத்தி ஹார்ன் அடிப்பாய், நான் பையோடு இறங்கி வருவேன். உன் பட்டியலும் அங்கேயேதான் நிற்கிறது.

லதா

*

பெங்களூர்
19 ஜூன் 2024

லதா,

ராபர்ட்சன்பேட்டை, நாலாவது கிராஸ். ஃபிளாட்டுக்கு வருவதற்குமுன் அம்மா இருந்த வீடு. அதைத்தான் போட்டு டெஸ்ட் செய்தேன். நாலு எழுத்திலேயே வந்தது, சந்தோஷப்பட்டு மூடிவிட்டேன். கே.ஜி.எஃப். முழுக்க வேலை செய்கிறது என்று ரிப்போர்ட்டிலும் எழுதினேன்.

‘முகவரி வரி 1’ என்றுதான் முதலில் தமிழில் போட்டிருந்தேன். வரி என்றால் வீட்டு வரி கேட்கிறார்கள் என்று பயப்படுவார்களே என்று லைன் என்று மாற்றினேன். யோசித்துச் செய்தேன் லதா! கிராஸில் பிறந்த மண்டை எவ்வளவு யோசித்தாலும் லைன் வீடு ஞாபகத்துக்கு வரவில்லை.

உன் மெயிலைப் படித்தபின் நாள் முழுக்க வேறு வேலை ஓடவில்லை. கோரமண்டல் என்று தட்டினேன். கடற்கரை வந்தது. நியூசிலாந்தில் ஓர் ஊர் வந்தது. மாமா வேலை செய்த இடம் வரவில்லை. வந்தாலும் ஸ்டேஷனோடும் மெயின் ரோட்டு ஃபஸ்ட் லைனோடும் நின்றது. பட்டியலில் இல்லாததை எழுதினால் ‘சரியான முகவரியைத் தேர்ந்தெடுக்கவும்’ என்று சிவப்பில் திட்டுகிறது. சரியான முகவரியாம்! எத்தனை பேர் பிறந்து, செத்து, ரேஷன் வாங்கிய முகவரி அது. அதைச் சரியில்லை என்று சொல்ல இந்தச் சிவப்பு எழுத்து யார்? நான்தான் அதையும் எழுதினேன், அதனால் இன்னும் கோபம் வருகிறது.

எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். இப்போது வீட்டு எண், லைன் அல்லது தெரு, கேம்ப் அல்லது ஊர் என்று தனித்தனிப் பெட்டிகள். பட்டியல் உதவிக்கு வரும், வேண்டாமென்றால் ஒதுங்கிக்கொள்ளும். கையால் எழுதியதை எடுத்துக்கொள்ளும், டிரைவருக்குப் போன் நம்பரும் போகும். மமதா கூப்பிட்டு, இது ஒப்புக்கொண்ட வேலையில் இல்லை, பழையபடி வை என்றார். ஒரு மனிதனுடைய நகம் நீலமானதைச் சொன்னேன். "எமோஷனலா பேசாதே" என்றார். நான் பழையபடி வைக்கவில்லை. காஸ் கம்பெனிக்காரர்களுக்கே நேராக எழுதினேன். அவர்களுக்குப் பிடித்துவிட்டது. அதனால் வேலை தப்பித்தது, மரியாதை தப்பவில்லை. பரவாயில்லை.

அம்மாவிடமும் பேசினேன். என்ன சொன்னேன் என்று கேட்டாயே, எழுதுகிறேன். "பால்கனியில் உட்கார வைத்தது காத்துக்காக இல்லைன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் காலில் விழச் சொல்லலை. பொய் சொல்லாதே" என்றேன். அவர் இன்னும் என்னோடு பேசவில்லை.

புதிதாக ஒன்றையும் சேர்த்திருக்கிறேன். பில் முகவரிக்கு மேலே ஒரு சின்னக் கட்டம், ‘மேலுள்ள முகவரியே’ என்று. டிக் போட்டால் கீழே எதையும் நிரப்ப வேண்டாம். இன்று மாமாவுக்கு நானே ஆர்டர் போட்டேன். ராஜப்பா, ஏழாவது லைன், கோரமண்டல். என் கார்டு, என் பெயர். பில் முகவரிக்கு வந்ததும் ஃபிளாட் முகவரியைத் தட்ட ஆரம்பித்தேன். பிறகு அழித்துவிட்டு டிக் போட்டேன்.

வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று அனுமதி வாங்கியிருக்கிறேன். மற்ற நாள் அங்கிருந்து காலை ரயிலில் ஆபீஸுக்குப் போய் வரலாம், ஊரே அப்படித்தான் போகிறது. இடம் இருக்குமா என்று மாமாவைக் கேட்டுச் சொல். நீயும் சொல்.

கிரண்

*

கோரமண்டல்
21 ஜூன் 2024

கிரண்,

யாரைக் கேட்டு டிக் போட்டாய்?

முன்பு என்னைக் கேட்காமல் எங்கள் முகவரியை அழித்தாய். இப்போது என்னைக் கேட்காமல் அதையே உன் முகவரி ஆக்கிக்கொண்டாய். ஆர்டரை அனுப்பிவிட்டு அனுமதி கேட்கிற ஆளை நான் இப்போதுதான் பார்க்கிறேன். இது உன் அம்மா வீட்டு நாலாவது கிராஸ் இல்லை. தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள். காற்றடித்தால் சுரங்கக் கழிவு கொட்டிய சயனைடு மேட்டுத் தூள் சோற்றில் விழும். கரண்ட் போனால் உன் மீட்டிங் பாதியில் நிற்கும். மமதாவிடம் என்ன சொல்வாய் என்று இப்போதே யோசித்துக்கொள். அக்காவிடம் நீ மன்னிப்புக் கேட்கவேண்டும், மெயிலில் அல்ல. உன் அம்மா வந்து கத்தினால் நான் பதில் சொல்லமாட்டேன், நீதான் சொல்லவேண்டும். இந்த முறை போனை நோண்டாமல்.

சிலிண்டர் இன்று காலை வந்தது. டிரைவர் யாரையும் கேட்காமல் நேரே வீட்டு வாசலில் வந்து நின்றான். கையெழுத்துப் போடும்போது ரசீதைப் பார்த்தேன். மேலே எங்கள் லைன். கீழே உன் பெயர், அதற்குக் கீழேயும் எங்கள் லைன். கோபத்தோடுதான் பார்த்தேன். கொஞ்ச நேரம் அதிகமாகப் பார்த்தேன்.

நான் எதையும் முடிவு செய்யவில்லை. இது அப்பா வீடு. உன் மெயிலை முழுக்க அவரிடம் படித்துக் காட்டினேன், பால்கனி, பொய், எல்லாவற்றையும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன். அப்புறம் மாஸ்க்கை விலக்கினார். அவருக்கு ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் எவ்வளவு நேரமாகும் என்று உனக்குத் தெரியும், நான் காத்திருந்தேன்.

"நம்ம வாசக்கால் ஒசரம் கம்மிம்மா... அவன் நெட்டையன்... குனிஞ்சி வரச் சொல்லு."

லதா